கம்ப்யூட்டர் வேகத்துக்கு முன்னாடி மண்டபத்துக்காரர் ஆர்டர் என்ன ஆகுது?

கேள்வி:

சார், நான் மண்டபத்துல ஒரு ஐஸ் பிளான்ட்ல மேனேஜரா இருக்கேன், வயசு 34. கொரோனா லாக்டவுன்ல டீமேட் ஓப்பன் பண்ணேன். மாசம் 5,000 எஸ்ஐபி போகுது, கொஞ்சம் ஷேர் டெலிவரில வாங்கி வச்சிருக்கேன், அதெல்லாம் ஓகே. அப்பறம் அன்னைக்கே வாங்கி அன்னைக்கே விக்கிற இன்ட்ராடே, வாரம் முடியறதுக்குள்ள ரேட் ஏறுமா எறங்குமான்னு காசு கட்டுற வீக்லி ஆப்ஷன்னு எறங்கி 1,38,000 போச்சு. நான் பை போட்டா உடனே ரேட் 10, 15 பைசா ஏறுது, இந்த ரேட்டுக்கு எறங்குனா தானா வித்துடுன்னு ஸ்டாப்லாஸ் வச்சா கரெக்டா அத தொட்டுட்டு மேல போகுது, யாரோ என் ஸ்கிரீன பாத்துக்கிட்டே இருக்க மாதிரி இருக்கு. பெரிய கம்பெனிங்க எக்ஸ்சேஞ்ச் பக்கத்துலயே கம்ப்யூட்டர் வச்சு நம்மள முந்திக்கிறாங்கன்னு ஒரு வீடியோல பாத்தேன். எங்க கரையில நண்டு ஏலத்துலயும் கம்பெனி ரேட்டு முன்னாடியே தெரிஞ்ச ஏஜென்ட்தான் ஜெயிக்கிறாரு, அதே கதைதானா இது? பரமக்குடி பிரண்டு ஒருத்தர் டெலிகிராம்ல 25,000 குடுத்து தானா ஆர்டர் போடுற ஆல்கோ சாப்ட்வேர் வாங்கிருக்காரு. நானும் வாங்கவா, இல்ல மார்க்கெட்டே வேணாம்னு எல்லாத்தையும் வித்துட்டு வெளிய வந்துடவா?

பதில்:

தம்பி, நண்டு ஏலத்த நீங்களே இழுத்துட்டீங்க, அதுலயே ஆரம்பிச்சிடுவோம், ஏன்னா உங்க கேள்விக்கு பாதி பதில் அந்த கரையிலயே கெடக்கு. கம்பெனி இன்னைக்கு என்ன ரேட்டுக்கு எடுக்கும்னு ஏஜென்ட்டுக்கு போன் வந்துடுது, கூடைய சுத்தி நிக்கிற மத்தவங்களுக்கு தெரியாது. சரி, இதுல நஷ்டம் யாருக்கு? வீட்டுக்கு ரெண்டு கிலோ வாங்கிட்டு போற டீச்சரம்மா ஒரு அஞ்சு பத்து ரூபா கூட குடுத்திருப்பாங்க, கொழம்பு வச்சு சாப்ட்டா அதோட முடிஞ்சுது. ஆனா ஏலத்துல எடுத்து அரைமணி நேரத்துல அதே கரையில அதே ஏஜென்ட்டுக்கே கூட வச்சு தள்ளிவிட்டுடலாம்னு ஒருத்தர் நிக்கிறாரு பாருங்க, அவரு கதை வேற. எதிர்ல நிக்கிற ஆளுக்கு ரேட்டு முன்னாடியே தெரியும். ஒரு நாளு ரெண்டு நாளு லாபம் பாப்பாரு, மாசக்கணக்குல பாத்தா கைமொதல் கரைஞ்சிருக்கும். உங்க எஸ்ஐபியும் டெலிவரி ஷேரும் டீச்சரம்மா கணக்கு, வீக்லி ஆப்ஷன் அந்த ரெண்டாவது ஆளு கணக்கு. ஒரே டீமேட்டுக்குள்ள நீங்க ரெண்டு பேரா இருக்கீங்க, அதனால ரெண்டு பேருக்கும் தனித்தனியாத்தான் பதில் சொல்லணும்.

மொதல்ல இந்த வேக சமாச்சாரம். உண்மைதான், வீடியோக்காரங்க அந்த ஒரு விசயத்துல பொய் சொல்லல. என்எஸ்இ, அதான் நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச், 2009ல இருந்து கோ-லொகேஷன்னு ஒரு வசதி குடுக்குது. மும்பை பாந்திரா குர்லா காம்ப்ளக்ஸ்ல எக்ஸ்சேஞ்சோட மெயின் கம்ப்யூட்டர் இருக்கற எடத்துலயே ரேக் வாடகைக்கு எடுத்து புரோக்கர் கம்பெனிங்க தங்களோட சர்வர வச்சுக்கலாம். ஏன் அவ்வளவு கிட்டக்கன்னு கேட்டா, கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு சுமாரா 2 லட்சம் கிலோமீட்டர் போகும், மண்டபத்துல இருந்து மும்பைக்கு நேர்கோடு போட்டாலே 1,200 கிலோமீட்டருக்கு மேல, அப்ப உங்க ஆர்டர் போய் சேரவே கொறஞ்சது 6 மில்லிசெகண்ட், அதாவது 6,000 மைக்ரோசெகண்ட். கேபிள் நேர்கோட்டுல போகாது, உங்க போன்ல இருந்து டவருக்கு போகணும், புரோக்கர் சர்வர் பணம் இருக்கா மார்ஜின் இருக்கான்னு செக் பண்ணனும், இதெல்லாம் சேத்தா இன்னும் பல மடங்கு. உள்ள ரேக் வச்சிருக்கவங்க மைக்ரோசெகண்ட்ல கணக்கு பண்றாங்க. நீங்க கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள அங்க ஆயிரக்கணக்குல ஆர்டர் போட்டு கேன்சல் பண்ணி முடிச்சிருப்பாங்க. எந்த நெட் பேக் போட்டாலும் இந்த தூரம் கொறையாது.

உள்ள இருக்கற எல்லா ரேக்குக்கும் ஒரே நீளத்துல கேபிள் குடுக்குறோம், அதனால இது சமவாய்ப்புன்னு சொல்வாங்க. வாடகை கட்டுன எல்லாருக்கும் சமவாய்ப்பு, அது சரி. வெளிய நிக்கிறவங்களுக்கு என்ன சமம்னு கேட்டா அதுக்கு பதில் கெடையாது.

அந்த வேகத்த வச்சு என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சாதான் உங்களுக்கு எங்க அடி படுது எங்க படலன்னு புரியும். எக்ஸ்சேஞ்ச் ரூல் ரொம்ப சிம்பிள், நல்ல ரேட்டு குடுக்கறவருக்கு மொதல் எடம், ஒரே ரேட்டுல ரெண்டு பேர் நின்னா முன்னாடி வந்தவருக்கு மொதல் எடம். அதனால கியூல முன்னாடி நிக்கவே வேகம் வேணும். ஒரு ரகம் கம்பெனிங்க ரெண்டு பக்கமும் ஆர்டர் வச்சு, 184.20க்கு வாங்குறேன் 184.35க்கு விக்கிறேன்னு நின்னு அந்த நடு இடைவெளிய சம்பாதிப்பாங்க. இவங்களால நமக்கு பெரிய கெடுதல் இல்ல, சொல்லப்போனா போட்டி கூடக்கூட பெரிய ஷேர்கள்ல அந்த இடைவெளி சுருங்கத்தான் செஞ்சிருக்கு. 1994ல என்எஸ்இ ஸ்கிரீன் டிரேடிங் வர்றதுக்கு முன்னாடி நம்ம பக்கத்து ஆளுங்க ஷேர் வாங்குனது எப்படின்னு வீட்ல பெரியவங்க யாராவது வாங்கிருந்தா கேளுங்க, புரோக்கர் சொல்றதுதான் ரேட்டு, அன்னைக்கு நெஜமா என்ன ரேட்டு ஓடுச்சுன்னு தெரிஞ்சுக்க வழியே கெடையாது. அந்த காலம் திரும்ப வரணும்னு நான் ஆசப்பட மாட்டேன்.

இன்னொரு ரகம் வேட்டைக்காரங்க. நிஃப்டி இண்டெக்ஸ் மேல ஓடுற ஃப்யூச்சர் ஒரு புள்ளி அசைஞ்ச உடனே அதோட சேந்த ஆப்ஷன்ல எல்லாம் பழைய ரேட்டுல யாரு ஆர்டர் இன்னும் கேன்சல் ஆகாம நிக்குதுன்னு பாத்து அத கொத்திட்டு போயிடுவாங்க. உங்க ஸ்கிரீன்ல நிஃப்டி மாறுனத நீங்க பாக்கறப்ப அந்த ஆர்டர் காலி. வேகத்தால நெஜமாவே பாதிக்கப்படுற எடம் இதுதான், ஆப்ஷன்ல போய் ஒக்காந்தா தெனமும் இவங்க வழியிலதான் ஒக்காந்திருக்கீங்க.

இப்ப உங்க 10, 15 பைசா விசயம். இதுல யாரும் உங்க ஸ்கிரீன பாக்கல. அடுத்த தடவ வாங்கறப்ப மார்க்கெட் டெப்த்னு ஒன்னு ஆப்ல இருக்கும், அத தொறந்து வச்சுட்டு பாருங்க. உதாரணத்துக்கு விக்கிறவங்க பக்கம் 184.35ல 120 ஷேர், 184.45ல 200, 184.60ல 180 நிக்குதுன்னு வைங்க. நீங்க 500 ஷேர் கெடைக்கிற ரேட்டுக்கு வாங்குன்னு மார்க்கெட் ஆர்டர் போடுறீங்க. ஸ்கிரீன்ல பெருசா தெரிஞ்சது 184.35, ஆனா அந்த ரேட்டுல இருந்ததே 120தான், மிச்சத்துக்கு உங்க ஆர்டர் மேல மேல ஏறிப்போய் மூணு படியையும் தின்னுடுது. மொத்தம் 92,240 ரூபா, சராசரி 184.48. நீங்க நெனச்சத விட 65 ரூபா கூட. ரேட்ட ஏத்துனது வேற யாரும் இல்ல, உங்க ஆர்டரேதான். இதுக்கு மருந்து லிமிட் ஆர்டர், 184.40க்கு மேல வேணாம்னு போட்டா 120 ஷேர் கெடைக்கும், மிச்சம் கியூல நிக்கும், வந்தா வரட்டும் வராட்டி போகட்டும். நாலஞ்சு வருசத்துக்கு வச்சிருக்கப் போற ஷேருக்கு ஒரு மணி நேரம் நின்னா ஒன்னும் கொறஞ்சு போகாது.

இன்னொரு கணக்கும் பாருங்க, இது யாருமே பாக்காத கணக்கு. அதே 92,240 ரூபா டெலிவரிக்கு எஸ்டிடிங்கற ஷேர் வரி 0.1 சதவீதம், வாங்கறப்ப 92 ரூபா, விக்கறப்ப திரும்ப ஒரு தடவ. ஸ்டாம்ப் டியூட்டி ஒரு 14 ரூபா. விக்கறப்ப டீமேட்ல இருந்து ஷேர எடுக்கற டிபி சார்ஜ் தனி. கம்ப்யூட்டர்காரன் 65 ரூபா எடுத்துட்டான்னு நீங்க நெனக்கிறப்ப அரசாங்கம் சத்தமில்லாம அதவிட கூட எடுத்துருச்சு. வருசத்துக்கு நாலு தடவ வாங்குனா ரெண்டுமே பெருசில்ல, ஒரு நாளைக்கு நாலு தடவ பண்ணா ரெண்டும் சேந்து உங்கள முடிச்சிடும்.

யாரோ முன்னாடியே ஆர்டர பாத்துடுறாங்கங்கற பயம் பெரும்பாலும் அமெரிக்கா கதைய தமிழ்ல பேசுற வீடியோல இருந்து வருது. அங்க பல புரோக்கருங்க சின்ன முதலீட்டாளர் ஆர்டர எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பாம பெரிய டிரேடிங் கம்பெனிக்கு அனுப்பி அதுக்கு காசு வாங்குறது சட்டப்படியே நடக்குது, ஒரு டஜனுக்கு மேல எக்ஸ்சேஞ்ச் இருக்கறதால ஒரு எடத்துல ஆர்டர பாத்துட்டு இன்னொரு எடத்துக்கு முந்தி ஓடுற வேலையும் உண்டு. இங்க நீங்க போடுற ஆர்டர் என்எஸ்இ இல்லன்னா பிஎஸ்இக்குதான் போய் ஆகணும். அமெரிக்காவுல நடக்கறத அப்படியே பேர மாத்தி இங்க ஒட்டி பேசறவங்கள நம்பாதீங்க.

ஸ்டாப்லாஸும் அப்படித்தான். டிரிகர் ஆகுற வரைக்கும் அது டெப்த்ல யாருக்கும் தெரியாது, தனியா ஒரு புக்ல ஒக்காந்திருக்கும். ஆனா தெரியாமலே கண்டுபிடிக்கலாம், ஏன்னா நீங்க எங்க வைப்பீங்க? 200, 180, 150ன்னு முழு நம்பர்ல, இல்ல நேத்து லோவுக்கு ஒரு ரூபா கீழ. அதே வீடியோவ பாத்துட்டு ஊருக்குள்ள எல்லாரும் அங்கதான் வச்சிருப்பாங்க. ஒரே எடத்துல ஆயிரம் ஸ்டாப்லாஸ் குமிஞ்சு கெடந்தா ரேட் அங்க தொட்ட உடனே எல்லாம் மொத்தமா வித்து தள்ளி கீழ இழுக்கும், வித்து முடிஞ்சதும் விக்க ஆளில்லாம மேல போகும். சில நேரம் யாராவது வேணும்னே அங்க தள்ளி விட்டிருக்கலாம், பல நேரம் தள்ளவே தேவையில்ல.

சரி, அப்ப எல்லாம் ஒழுங்கா நடக்குதா, நம்ம மேலதான் தப்பான்னு கேக்காதீங்க. அப்படி சொல்ல வரல. இந்தியாவுலயே பெரிய பஞ்சாயத்து நடந்துருக்கு. 2015ல ஒருத்தர் பேரப் போடாம, ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபிக்கு லெட்டர் எழுதுனாரு, கோ-லொகேஷன்ல சில பேருக்கு மட்டும் டேட்டா முன்னாடி போகுதுன்னு. விசயம் என்னன்னா அதுக்கு முந்தின சில வருசம் என்எஸ்இ ரேட் டேட்டாவ ஒரே நேரத்துல எல்லாருக்கும் வீசாம, சர்வர்ல மொதல்ல லாகின் பண்ணவருக்கு மொதல்ல, அடுத்தவருக்கு அடுத்துன்னு வரிசையா அனுப்பிட்டு இருந்துச்சு. அப்ப காலைல வெள்ளன எந்திரிச்சு மொதல் ஆளா லாகின் பண்ணவருக்கு அன்னைக்கு பூரா மத்தவங்கள விட முன்னாடி டேட்டா. இது போக எமர்ஜென்சிக்குன்னு வச்சிருந்த பேக்கப் சர்வர்ல கூட்டம் கம்மி, அங்க போய் ஒட்டிக்கிட்டா இன்னும் வேகம், அப்படி ஒட்டிக்கிட்டவங்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல போற மாதிரி சிஸ்டத்த பின்னாடிதான் மாத்துனாங்க.

2019 ஏப்ரல்ல செபி 624.89 கோடி ரூபாயும் 12 சதவீத வட்டியும் கட்டுன்னு என்எஸ்இக்கு ஆர்டர் போட்டுச்சு. அப்பீல்ல 2023 ஜனவரில அந்த தொகைய ரத்து பண்ணிட்டாங்க, ஆனா கவனமா நடந்துக்கலன்னு சொல்லி 100 கோடி முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு கட்ட சொன்னாங்க. கூட்டு சேந்து பண்ணாங்கன்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்லன்னு 2024 செப்டம்பர்ல செபியே அந்த பகுதிய முடிச்சு வச்சிருச்சு. லெட்டர் வந்து கிட்டத்தட்ட பத்து வருசம். அந்த காலத்துல டிரேட் பண்ண சின்ன ஆளுங்க அக்கவுண்ட்டுக்கு பத்து பைசா வந்ததான்னு கேட்டா வரல. எனக்கு இதுல கோவம் வர்ற எடம் அதுதான். ஒவ்வொருத்தர்ட்ட இருந்தும் போனது பைசா கணக்குல, அதனால யாரும் கேஸ் போட மாட்டாங்க, யாருக்கு எவ்வளவுன்னு பிரிச்சு குடுக்கவும் முடியாது.

அடுத்தது ஜேன் ஸ்ட்ரீட்ங்கற அமெரிக்க டிரேடிங் கம்பெனி. 2025 ஜூலை 3ம் தேதி செபி போட்ட இடைக்கால ஆர்டர், 4,843 கோடி சொச்சம் ரூபாய பிடிச்சு வச்சாங்க. செபி சொல்ற குற்றச்சாட்டுல ஒரு நாள மட்டும் பாருங்க, 2024 ஜனவரி 17. காலைல பேங்க் நிஃப்டில இருக்கற பேங்க் ஷேரையும் ஃப்யூச்சரையும் 4,370 கோடிக்கு வாங்கி தள்ளுறாங்க, இண்டெக்ஸ் தூக்கி நிக்குது, அதே நேரத்துல ஆப்ஷன்ல அத விட பல மடங்கு பெருசா, இண்டெக்ஸ் விழுந்தா லாபம் வர்ற மாதிரி பொசிஷன் எடுக்குறாங்க. மத்தியானத்துக்கு மேல வாங்குனத எல்லாம் வித்து எறக்குறாங்க. ஷேர்லயும் ஃப்யூச்சர்லயும் 61 கோடி சொச்சம் நஷ்டம், ஆப்ஷன்ல 734 கோடி சொச்சம் லாபம். கம்பெனி இத மறுக்குது, ரெண்டு எடத்து ரேட் வித்தியாசத்துல சம்பாதிக்கிற சாதாரண ஆர்பிட்ரேஜ்தான்னு சொல்லி அப்பீல் போயிருக்கு, அதனால நான் தீர்ப்பு எழுத மாட்டேன். நீங்க கவனிக்க வேண்டியது வேற. இதுல மைக்ரோசெகண்ட விட பணத்தோட சைஸ்தான் வேலை செஞ்சிருக்கு. அன்னைக்கு காலைல பேங்க் நிஃப்டி ஏறுது பாருன்னு, ஏறுனா லாபம் வர்ற கால் ஆப்ஷன் வாங்குன மண்டபம், கீழக்கரை, தொண்டி ஆளுங்க எத்தன பேரோ. அவங்க கைல லேட்டஸ்ட் சாப்ட்வேரே இருந்திருந்தாலும் அன்னைக்கு என்ன பண்ணிருக்க முடியும்?

இப்ப நம்பர். செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வு, 2021 ஏப்ரல்ல இருந்து 2024 மார்ச் வரைக்குமான மூணு நிதியாண்டு, எஃப் அண்ட் ஓல, அதான் ஃப்யூச்சர் ஆப்ஷன்ல, எறங்குன ஒரு கோடிக்கு மேல தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்கு சராசரி 2 லட்சம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. இதுல கடைசி வருசத்துல மட்டும் சொந்த காசுல டிரேட் பண்ற புரோக்கிங் கம்பெனிங்க 33,000 கோடி லாபம், வெளிநாட்டு நிறுவனங்க 28,000 கோடி லாபம், தனிநபர்களும் மத்தவங்களும் 61,000 கோடிக்கு மேல நஷ்டம். கூட்டிப் பாருங்க, கணக்கு டேலி ஆகுது. அந்த லாபத்துல வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 97 சதவீதமும் புரோக்கிங் கம்பெனிகளுக்கு 96 சதவீதமும் ஆல்கோ வழியா வந்தது. அடுத்த வருசம், 2025 மார்ச் வரைக்கும், தனிநபர் நஷ்டம் செலவெல்லாம் சேத்து 1,05,603 கோடி, நஷ்டப்பட்டது 91 சதவீதம் பேர். ஆக உங்க 1,38,000 உங்க முட்டாள்தனத்தால போனதுன்னு மனச போட்டு அடிச்சுக்காதீங்க, அந்த ஏலத்துல நிக்கிற பத்துல ஒம்போது பேருக்கு இதே கதிதான், டிசிப்ளின் கத்துக்கிட்டா ஜெயிச்சிடலாம்னு கோர்ஸ் விக்கிறவங்க இந்த நம்பர சொல்ல மாட்டாங்க.

இத மாத்த முடியாதான்னு கேட்டா, முடியும், ஆனா அது உங்க கைல இல்ல. எனக்கு புடிச்ச வழி ஒன்னு இருக்கு, தொடர்ச்சியா ஓட விடாம கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ வந்த ஆர்டர எல்லாம் சேத்து வச்சு ஒரே ரேட்டுல முடிக்கிறது. அப்ப ஒரு மைக்ரோசெகண்ட் முன்னாடி வந்தா ஒரு பிரயோசனமும் கெடையாது, ரேட்டுலதான் போட்டி போடணும். செபி 2016லயே இத பத்தி ஒரு டிஸ்கஷன் பேப்பர் விட்டுச்சு, ஆர்டர வேணும்னே கொஞ்சம் தாமதப்படுத்துற யோசனையும் அதுல இருந்துச்சு. அமெரிக்காவுல ஐஇஎக்ஸ்னு ஒரு எக்ஸ்சேஞ்ச் 38 மைல் கேபிள சுருட்டி வச்சு ஆர்டருக்கு 350 மைக்ரோசெகண்ட் தாமதம் போட்டு நடத்துது, 2016ல அனுமதி வாங்குச்சு. இங்க அந்த பெரிய யோசனைங்க நடைமுறைக்கு வரல, 2018ல சின்ன புரோக்கருங்களும் பங்கு போட்டு ரேக் எடுக்கலாம், டேட்டா இலவசம், ஆர்டர போட்டு போட்டு கேன்சல் பண்ணா அபராதம்னு சிலத கொண்டாந்தாங்க. ஒன்னுமில்லாததுக்கு இது பரவால்ல. செபி இந்த மாதிரி பேப்பர் விடறப்ப பொதுமக்கள் கருத்து கேக்கும், யாரு வேணும்னாலும் எழுதலாம், எழுதறது பெரும்பாலும் புரோக்கர் சங்கமும் பெரிய கம்பெனி வக்கீலுங்களும்தான்.

ஆனா அந்த ஒரே ரேட்டு ஏலம் தெனமும் காலைல உங்களுக்கே கெடைக்குது, யாரும் சொல்லித் தர்றதில்ல. ப்ரீ-ஓபன். 9 மணில இருந்து ஆர்டர் எடுப்பாங்க, 9.07க்கும் 9.08க்கும் நடுவுல ஏதோ ஒரு நொடில மூடுவாங்க, எந்த நொடின்னு யாருக்கும் தெரியாது, அதனால கடைசி மைக்ரோசெகண்ட்ல வந்து விளையாடவும் முடியாது. எந்த ரேட்டுல அதிகபட்ச ஷேர் கைமாறுமோ அதுதான் எல்லாருக்கும் ரேட். நல்லா ஓடுற பெரிய கம்பெனி ஷேர டெலிவரிக்கு வாங்கறதா இருந்தா 9.05 வாக்குல லிமிட் போட்டு வச்சுட்டு பிளான்ட் வேலைய பாருங்க. கெடைக்கலன்னா அந்த ஆர்டர் 9.15க்கு சாதாரண மார்க்கெட்டுக்கு தானா போய் நிக்கும். மியூச்சுவல் பண்ட்ல இதுகூட வேணாம், மூணு மணிக்குள்ள பணம் பண்டுக்கு போய் சேந்துட்டா அன்னைக்கு என்ஏவிதான், அதாவது ஒரு யூனிட்டோட விலைதான், எல்லாருக்கும், பாந்திராவுல ரேக் வச்சிருக்கவருக்கும் சரி உங்களுக்கும் சரி.

டெலிகிராம் சாப்ட்வேர் விசயத்துக்கு ரொம்ப யோசிக்கவே வேணாம், வாங்காதீங்க. தூரக் கணக்கு மேலயே சொல்லிட்டேன், உங்க லேப்டாப்ல ஓடுனாலும் மும்பைல வாடகை கிளவுட் சர்வர்ல ஓடுனாலும் அது கோ-லொகேஷன் ஆகாது, வேகத்துல ஜெயிக்கவே முடியாது. தானா ஆர்டர் போடும், அவ்வளவுதான், நீங்க கையால வேகமா தோக்கறத அது இன்னும் வேகமா தோக்கும். சட்டமும் இருக்கு, இவ்வளவு ரிட்டர்ன் வந்துச்சு இவ்வளவு வரும்னு விளம்பரம் பண்ற ஆல்கோ ஆளுங்களோட புரோக்கர் சேரக்கூடாதுன்னு 2022 செப்டம்பர்லயே செபி சொல்லிருச்சு. 2025 பிப்ரவரி சர்க்குலர் படி சாதாரண ஆளுக்கு குடுக்குற ஆல்கோ புரோக்கர் வழியாதான் வரணும், எக்ஸ்சேஞ்ச்ல பதிஞ்சிருக்கணும், அது போடுற ஆர்டருக்கு அடையாள நம்பர் இருக்கணும். உங்க பிரண்டுக்கிட்ட அந்த நம்பரையும் வித்தவரோட பதிவு நம்பரையும் கேட்டு பாருங்க, எக்ஸ்சேஞ்ச்ல சரி பாத்துக்கலாம். உங்க பிரண்டு வித்தவர்கிட்ட ஏபிஐ கீ (வெளி சாப்ட்வேர் அக்கவுண்ட்ல ஆர்டர் போட விடுற சாவி), பாஸ்வேர்டு ஏதாவது குடுத்திருந்தா இன்னைக்கே மாத்த சொல்லுங்க, இத தள்ளிப்போட வேணாம். பணத்த வாங்கிட்டு ஆளு குரூப்ப கலைச்சுட்டு போயிட்டா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு உடனே போன் போடணும், லேட் ஆக ஆக பணம் கைமாறி போயிடும். உங்க புரோக்கர் மேலயே புகார் இருந்தா மொதல்ல அவங்களுக்கு எழுத்துல குடுத்து, பதில் சரியில்லன்னா செபியோட ஸ்கோர்ஸ் போர்ட்டல்.

மொத்தமா வித்துட்டு வெளிய வர்றது? வேணாம். எஸ்ஐபி அப்படியே ஓடட்டும். ஷேர்ல ஒன்னு மட்டும் சொல்லணும், நீங்க என்ன வச்சிருக்கீங்கன்னு எழுதல, அதுல யாரோ சொன்னாங்கன்னு வாங்குன பேர் தெரியாத சின்ன கம்பெனி ஏதாவது இருந்தா அத தனியா எடுத்து பாருங்க. அங்க இந்த வேகக்காரங்க பொதுவா வர்றதே இல்ல, ஆனா வாங்குற ரேட்டுக்கும் விக்கிற ரேட்டுக்கும் நடுவுல ஒரு சதவீதம் ரெண்டு சதவீதம் கூட இருக்கும், ஒரு ஆபரேட்டர் குரூப் ஏத்தி விட்டு நம்ம தலைல கட்டிட்டு போறது அங்கதான் நடக்குது. நம்ம மாவட்டத்துல கல்ஃப் பணம் வர்ற வீடுகள்ல ஆல்கோவால ஏமாந்தவங்கள விட இந்த மாதிரி டிப்ஸ்ல ஏமாந்தவங்கதான் என்கிட்ட அதிகமா வர்றாங்க, கம்ப்யூட்டர் மேல இருக்கற பயத்துல பாதிய இதுமேல வச்சா நல்லாருக்கும்.

ஆப்ஷன நிறுத்துங்க. கொறைக்கிறேன், ஹெட்ஜ் பண்றேன், எக்ஸ்பைரி நாள் மட்டும் பண்றேன்னு எதுவும் வேணாம், ஆப்ல எஃப் அண்ட் ஓ செக்மென்ட்டையே டீஆக்டிவேட் பண்ற வசதி இருக்கும், பண்ணிடுங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், போட் கடலுக்கு போகாது, ஐஸ் எடுக்க ஆள் இருக்காது, உங்களுக்கு கைல நேரம் இருக்கும், வருமானமும் கொறையும், அந்த ரெண்டு மாசத்துலதான் விட்டத புடிச்சிடலாம்னு தோணும். அதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க.

இன்ட்ராடேயும் அதே மாதிரிதான், செபி ஆய்வுல 2023 நிதியாண்டுக்கு பத்துல ஏழு பேருக்கு நஷ்டம்.

கடைசியா நீங்க கேக்காத ஒன்னு. அந்த 1,38,000 நஷ்டத்த இன்கம்டேக்ஸ்ல காட்டுனீங்களா? சம்பளக்காரங்கன்னு சொல்லி ஐடிஆர்-1 போட்டு விட்டுருப்பீங்க, பெரும்பாலும் எல்லாரும் அதத்தான் பண்றாங்க. ஆப்ஷன் நஷ்டம் பிசினஸ் நஷ்டம், ஐடிஆர்-3ல காட்டணும். சம்பளத்துல கழிக்க முடியாது, ஆனா கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டா அடுத்த எட்டு வருசத்துக்கு எடுத்துட்டு போய் பிசினஸ் லாபம் வர்றப்ப கழிச்சுக்கலாம், ஐஸ் வியாபாரம் சொந்தமா ஆரம்பிச்சாலும் அதுல கழியும். இன்ட்ராடே நஷ்டம் தனி கணக்கு, அதுக்கு நாலு வருசம்தான், அதையும் இன்ட்ராடே மாதிரி ஸ்பெகுலேஷன் லாபத்துலதான் கழிக்கலாம். புரோக்கர் ஆப்ல டேக்ஸ் பி அண்ட் எல்னு ஒரு ரிப்போர்ட் இருக்கும், வருசவாரியா டவுன்லோட் பண்ணி ராம்நாடு பக்கம் வர்றப்ப உங்க ஆடிட்டர்கிட்ட குடுங்க, ஏற்கனவே போட்ட ரிட்டர்ன திருத்த டைம் இருக்கான்னு அவர்கிட்டயே கேட்டுக்கோங்க.